சரீரத்தின் உஷ்ணக் கணக்கு

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



வழக்கமாக நான் உங்கள்முன் எழுந்து நின்றால், தவணை தவறிய கடனைப் பற்றியோ, பங்குத் தொகையைப் பற்றியோ, ரொக்கப் புத்தகத்தில் காணும் அடித்தல் திருத்தலைப் பற்றியோதான் பேசுவேன். இன்று அவற்றில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆகையால் தவணை பாக்கியுள்ளவர்கள் கூசாமல் முன்வரிசைக்கு வந்து உட்காரலாம். இன்று நான் சொல்ல விரும்புவது வேறொரு கணக்கு. நம் ஒவ்வொருவருடைய சரீரத்திலும் பிறந்த நாள் தொட்டு இறக்கும் நாள் வரையில் இரவு பகலாக நடந்துவரும் உஷ்ணத்தின் வரவு செலவுக் கணக்கே அது. உடம்பு ஏன் சுடுகிறது, ஏன் குளிர்கிறது என்னும் கேள்விக்கு விடை அந்தக் கணக்கிலேதான் இருக்கிறது.

நான் வைத்தியனல்லன், மெட்ரிகுலேஷன் பரீக்ஷையோடு படிப்பை நிறுத்தியவன். ஆயினும் நான் செய்த ஒரு பிழை, இவ்விஷயத்தைப் பற்றிப் புத்தகங்களைத் தேடிப் படிக்கவும் டாக்டர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் என்னைத் தூண்டிற்று. அப்பிழையை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கிடங்கில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன், சித்திரை மாதத்தில், இருப்புச் சரிபார்ப்பதற்காக ஒரு சங்கத்தின் கிடங்கிற்குச் சென்றிருந்தேன். தகரக் கூரை போட்ட கிடங்கு. பகல் ஒரு மணி. உர மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. லாரி அன்றைக்கே திரும்ப வேண்டுமென்று அதன் டிரைவர் அவசரப்படுத்தினார். மாலைக்குள் இருப்புப் பட்டியலில் கையெழுத்திட்டுப் புறப்பட வேண்டுமென்ற அவசரம் எனக்கும் இருந்தது. சுமை தூக்கியவர்களில் ஒருவர் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட வாலிபர். அவ்வேலைக்கு வந்து மூன்றாம் நாள். அவர் ஒரு மூட்டையை இறக்கிவிட்டுச் சுவரோரமாகக் குந்திவிட்டார். கைகளில் மயிர் சிலிர்த்திருந்தது. "ஐயா, குளிருதுங்க" என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்; கொதித்தது. குளிர் ஜுரமென்று நானே தீர்மானித்துவிட்டேன். கம்பளி கொண்டுவரச் செய்து, கிடங்கிற்குள்ளேயே படுக்க வைத்துப் போர்த்தி, சூடாகக் காப்பி வாங்கி வரும்படியும் சொன்னேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக எண்ணி மறுபடியும் மூட்டைகளை எண்ணத் தொடங்கினேன்.

சற்று நேரத்தில் அவர் பிதற்ற ஆரம்பித்தார். தம் சொந்த அண்ணனைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்டார். நல்ல காலமாக அவ்வழியே கிராம நர்ஸ் அம்மாள் வந்தார். அவர் உள்ளே நுழைந்ததும், "ஐயா, முதலில் அந்தக் கம்பளியை எடுங்கள்!" என்று கூவினார். வாலிபரை வேப்பமரத்தடிக்குத் தூக்கிவரச் செய்து, சட்டையைக் கழற்றி, கிணற்று ஜலத்தைக் குடம் குடமாக ஊற்றச் சொல்லி, இருவரை முறத்தால் விசிறச் சொன்னார். தம் பையிலிருந்த உஷ்ணமானியை வைத்துப் பார்த்தபோது அது 105 டிகிரி காட்டிற்று. பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் பிழைத்தார். ஆனால் பல மாதங்கள் வரையில் வெயிலில் நின்று வேலை செய்ய அவரால் முடியவில்லை. "இன்னும் அரை மணி நேரம் கம்பளிக்குள் இருந்திருந்தால்..." என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த வாலிபர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் குளிரத்தான் செய்தது. ஆனால் அவருடைய உடம்போ உள்ளே வெந்துகொண்டிருந்தது. சுடுகிற உடம்பு குளிர்கிறது என்று சொல்லுமா? சொல்லும். அதை விளக்கவே இன்று வந்திருக்கிறேன்.

மூன்று பாத்திரங்கள்

இதோ மேஜைமேல் மூன்று பாத்திரங்கள் இருக்கின்றன. ஒன்றில் பானையிலிருந்து எடுத்த குளிர்ந்த ஜலம். மற்றொன்றில் கை பொறுக்குமளவு வெந்நீர். நடுவிலுள்ளதில் இரண்டையும் கலந்த ஜலம். அங்கத்தினர் ஒருவர் வந்து வலக்கையைக் குளிர்ந்த ஜலத்திலும் இடக்கையை வெந்நீரிலும் ஒரு நிமிஷம் வைத்திருக்கட்டும். இப்பொழுது இரண்டு கைகளையும் நடுப் பாத்திரத்தில் வையுங்கள். என்ன சொல்லுகிறீர்கள்? வலக்கைக்குச் சுடுகிறது, இடக்கைக்குக் குளிர்கிறது என்கிறீர்கள். ஜலம் ஒன்றுதான், மனிதரும் ஒருவர்தான், சாக்ஷியங்கள் மட்டும் இரண்டு! ஒரே ஜலம் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிர்ச்சியாகவும் தோன்றுமென்பதை ஜான் லாக் என்னும் ஆங்கிலத் தத்துவ ஞானி 1690-ல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இன்னொன்று. மார்கழி விடியற்காலையில் ஏரைத் தோளில் தூக்கும்போது கொழு ஐஸ் போலக் குளிரும். மேழி அப்படிக் குளிராது. இரண்டும் இரவெல்லாம் ஒரே கொட்டகையில் கிடந்தவை. இரண்டின் உஷ்ண நிலையும் ஒன்றே. இரும்பு நம் கையின் உஷ்ணத்தை வேகமாகப் பறித்துக்கொள்ளுகிறது. மரம் மெதுவாக எடுத்துக்கொள்ளுகிறது. ஜலமும் அவ்வாறே காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகத்தில் உஷ்ணத்தைக் கடத்துகிறது. ஆகையால்தான் இதமாயிருக்கும் காற்றினின்று அதே உஷ்ண நிலையுள்ள கிணற்றில் இறங்கினால் உடம்பு சிலிர்க்கிறது.

இவற்றால் விளங்குவது யாதெனில், நம் தோல் உஷ்ணமானி அன்று என்பதே. கையிருப்பு எவ்வளவு என்பதை அது சரியாகச் சொல்வதில்லை. உஷ்ணம் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா, எவ்வளவு வேகத்தில் என்பதையே அது முக்கியமாகச் சொல்லுகிறது. தோலின் கீழுள்ள நரம்பு நுனிகளில் உஷ்ணத்தை உணர்பவை வேறு, குளிரை உணர்பவை வேறு. இவற்றில் குளிரை உணர்பவையே அதிகம்.

இந்த நரம்பு நுனிகளை ஏமாற்றவும் முடியும். மிளகாயைக் கடித்தால் வாய் எரிகிறதே, வாயின் உஷ்ண நிலை ஏறிவிட்டதா? இல்லை. சுமார் 109 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட சூட்டினால் திறந்துகொள்ளும் ஒரு நுண்ணிய வாயில் நரம்பு நுனியில் இருக்கிறது. மிளகாயின் காரச்சத்து அதே வாயிலைத் திறந்துவிடுகிறது. மூளை நெருப்புப் பட்டதாக எண்ணுகிறது. குளிருக்கென வேறு வாயிலுண்டு. புதினாவிலும் தலைவலித் தைலத்திலும் உள்ள மென்தால் அதைத் திறக்கிறது. இவற்றைக் கண்டறிந்த ஆராய்ச்சிக்காக டேவிட் ஜூலியஸ் என்பவருக்கு, ஸ்பரிச உணர்ச்சியை ஆராய்ந்த ஆர்டெம் படபூட்டியன் என்பவரோடு சேர்த்து, 2021-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வரவும் செலவும்

இனிக் கணக்கிற்கு வருவோம். நாம் உண்ணும் சோறும் கேழ்வரகும் உடம்பினுள் மெல்ல எரிந்து உஷ்ணமாகின்றன. இதுவே வரவு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் சரீரம், பழைய 100 வாட் குண்டு பல்பு வெளிவிடும் அளவுக்கு ஏறக்குறைய உஷ்ணத்தை உண்டாக்குகிறது. மண் வெட்டும்போதும் மூட்டை தூக்கும்போதும் இது நான்கைந்து மடங்காகிறது. ஏனெனில் தசைகள் செலவிடும் சக்தியில் சுமார் கால் பங்குதான் வேலையாக மாறும். மிச்சமெல்லாம் சூடாகவே நின்றுவிடும். இதற்கு மேலே வெயிலும், சுட்ட தரையும், தகரக் கூரையும் தரும் வரவு வேறு.

வரவு இடைவிடாது வருகிறபடியால் செலவும் இடைவிடாது நடந்தாக வேண்டும். கடின வேலை செய்பவனுடைய உஷ்ணம் சிறிதும் வெளியேறாவிட்டால், 10 நிமிஷத்துக்குச் சுமார் 2 டிகிரி பாரன்ஹீட் வீதம் உடம்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு மணி நேரம் உயிர் தாங்காது.

செலவுக்கு நான்கு வழிகள் உண்டு. குளிர்ந்த பொருளைத் தொடுவதால் அதற்குப் போவது ஒன்று. உடம்பைத் தழுவிச் செல்லும் காற்று எடுத்துப் போவது இரண்டு. அடுப்பின் அனல் தொடாமலே நமக்கு வருவதுபோல நம் அனல் சுற்றியுள்ள குளிர்ந்த பொருள்களுக்குப் போவது மூன்று. வியர்வை உலர்வதால் போவது நான்கு. முதல் மூன்று வழிகளும், சுற்றுப்புறம் நம் தோலைவிடக் குளிர்ந்திருந்தால்தான் திறந்திருக்கும்.

"உடம்பின் உஷ்ண நிலையே 98.6 டிகிரி என்கிறீர்களே. காற்று 98 டிகிரியானால் இரண்டும் சமந்தானே, நமக்கு ஏன் புழுங்க வேண்டும்?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. சமமாயிருப்பதுதான் தொல்லை. நம் தோல் சாதாரணமாகச் சுமார் 92 டிகிரியில் இருக்கிறது. காற்று 80 டிகிரியானால் உஷ்ணம் தானே வழிந்தோடும்; சுகமாயிருக்கும். காற்று 98 ஆகிவிட்டால் வாய்க்கால் மட்டமாகிவிடுகிறது, ஓட்டம் நின்றுபோகிறது. வரவோ நிற்பதில்லை. அப்பொழுது எஞ்சுவது வியர்வை என்னும் நான்காவது வழி ஒன்றே.

மண்பானையின் பாடம்

வியர்வை என்ன செய்கிறதென்று அறிய, நம் வீட்டு மண்பானையைப் பாருங்கள். பானையின் துளைகளில் கசியும் ஜலம் வெளிப்புறத்தில் உலர்கிறது. உலர்வதற்கு வேண்டிய உஷ்ணத்தை உள்ளேயுள்ள ஜலத்தினின்று எடுத்துக்கொள்ளுகிறது. நம் தோலில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேலேயே உலருமானால், 8 லிட்டர் கிணற்று ஜலத்தைக் கொதிக்க வைக்கப் போதுமான உஷ்ணத்தை அது கொண்டுபோய்விடும். ஆனால் உலர வேண்டும். சொட்டித் தரையில் விழும் வியர்வையால் பயனில்லை. ஜலமும் உப்பும்தான் நஷ்டம்.

மழைக்கு முந்தின புழுக்க நாளில் பானை ஜலம் குளிராததைக் கண்டிருப்பீர்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கசிந்த ஜலம் உலருவதில்லை. நம் உடம்புக்கும் அதே கதிதான். ஆகையால் வேலூரின் வறண்ட வெயிலைவிட, உஷ்ணமானியில் சற்றுக் குறைவாகவே காட்டும் கடற்கரையூரின் புழுக்கம் அதிகத் தொல்லை தருவதுண்டு.

வறண்ட காற்றில் மனித உடம்பு எவ்வளவு தாங்குமென்பதைச் சார்லஸ் பிளாக்டன் என்னும் டாக்டரும் அவருடைய நண்பர்களும் 1774-ல் லண்டனில் பரீக்ஷித்துப் பார்த்தார்கள். 200 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் சூடேற்றிய அறைக்குள் அவர்கள் புகுந்தார்கள். கூடக் கொண்டுபோன முட்டைகள் வெந்து கெட்டியாயின. இறைச்சித் துண்டு வெந்தது. மனிதர்கள் சிறிது நேரமிருந்து சேதமின்றி வெளியே வந்தார்கள். வியர்வை அவர்களைக் காத்தது. அவ்வறையில் வைத்த பாத்திரத்து ஜலம்கூட உலர்ந்துகொண்டே இருந்ததால் கொதிக்கவில்லை. மேலே எண்ணெய் பரப்பி உலர்வதைத் தடுத்த பின்னரே கொதித்தது. புழுக்கக் காற்றும், காற்றுப் புகாத தடித்த உடையும் நம் உடம்புக்கு அந்த எண்ணெய்ப் படலம் போன்றவை. நான் போர்த்திய கம்பளியும் அத்தகையதே.

மூளையிலுள்ள காரியதரிசி

இக்கணக்கைக் கவனிக்க மூளையின் அடிப்பாகத்தில் ஹைபோதலாமஸ் என்னும் சிறிய பகுதி ஒன்று இருக்கிறது. அதை நம் சரீரமென்னும் சங்கத்தின் காரியதரிசி எனலாம். இருப்பை 98.6 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது அதன் பொறுப்பு. ஆளுக்கு ஆளும், காலை மாலைக்கும் ஒரு டிகிரி முன்பின் இருப்பதுண்டு. இருப்பு மிஞ்சினால் தோலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களை அகலத் திறந்து, வியர்வையை விடும்படி உத்தரவிடுகிறது. குறைந்தால் அக்குழாய்களைச் சுருக்கிச் செலவை நிறுத்துகிறது. அதுவும் போதாவிட்டால் தசைகளை நடுங்கச் செய்து வரவைக் கூட்டுகிறது. கூடவே, "போர்த்திக்கொள்", "நிழலுக்குப் போ" என்று நமக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புகிறது. நாம் "குளிர்கிறது", "புழுங்குகிறது" என்பதெல்லாம் அந்த நோட்டீஸ்தான். நோட்டீஸைக் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் நோட்டீஸ் வேறு, இருப்புச் சரிபார்ப்பு வேறு என்பதைச் சங்க அங்கத்தினர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜுரமும் வெயிற்தாக்குதலும்

ஜுரத்தில் நடப்பதென்ன? கிருமிகள் உடம்பில் புகுந்ததும், அவற்றை எதிர்க்கும் பொருட்டுச் சரீரம் காரியதரிசிக்கு ஒரு புதுத் தீர்மானத்தை அனுப்புகிறது: "இனி இருப்பு 103 ஆக இருக்க வேண்டும்." பழைய 98.6 இப்பொழுது பற்றாக்குறையாகத் தோன்றுகிறது. உடனே செலவு நிறுத்தப்படுகிறது, கைகால்கள் ஜில்லிடுகின்றன, நடுக்கம் கண்டு வரவு கூட்டப்படுகிறது. உடம்பு ஏறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் குளிருகிறது என்று நோயாளி கதறுவது இதனால்தான். 103 ஆனதும் குளிர் நிற்கிறது. தீர்மானம் ரத்தானதும் 103 என்பது மிகையாகிவிடுகிறது. வியர்த்துக் கொட்டி ஜுரம் இறங்குகிறது. பாரஸிட்டமால் மாத்திரை செய்வது அத்தீர்மானத்தை ரத்துச் செய்யும் வேலையே.

மலேரியா முறை ஜுரத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். அக்கிருமி கொசுவின் உடம்பில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-ல் ஸிகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். கிருமிகள் ரத்த அணுக்களை உடைத்துக்கொண்டு வெளிவரும் ஒவ்வொரு முறையும் குளிர், சூடு, வியர்வை என்னும் மூன்று கட்டங்களும் வரிசையாக வருகின்றன. இம்முறை கிருமியின் வகைக்கேற்ப 48 மணிக்கோ 72 மணிக்கோ ஒருதரம் வரும்.

வெயிற்தாக்குதல் இதற்கு முற்றிலும் மாறானது. அங்கே இருப்பை உயர்த்த எவரும் தீர்மானம் போடவில்லை. காரியதரிசி செலவு செய்யவே பாடுபடுகிறது. வெயிலும் வேலையும் தரும் வரவு அதை மீறிப் பெருகுகிறது. வியர்த்து வியர்த்து ரத்தத்தில் ஜலம் குறைகிறது. தோலுக்கும் தசைக்கும் மூளைக்கும் ஒருங்கே அனுப்ப ரத்தம் போதுவதில்லை. 104 டிகிரியைத் தாண்டியதும் மூளையே குழம்புகிறது. அது அனுப்பும் நோட்டீஸும் குழம்புகிறது. கிடங்கு வாலிபருக்குக் குளிரெடுத்ததும் மயிர் சிலிர்த்ததும் அந்நிலையில்தான். இதில் பாரஸிட்டமால் பயன்படாது. இல்லாத தீர்மானத்தை எப்படி ரத்துச் செய்வது?

ஆகவே இரண்டு பேருக்கும் உஷ்ணமானி 104 என்றே காட்டலாம்; செய்ய வேண்டியது ஒன்றன்று. ஜுரக்காரருக்குக் குளிர் நடுக்கும் வரையில் மெல்லிய போர்வை போதும். நடுக்கம் நின்றதும் அதை எடுத்துவிட வேண்டும். குழந்தைகளை மூன்று நான்கு துணிகளால் சுற்றி, ஜன்னலை அடைத்து, அடுப்பங்கரையில் கிடத்தும் வழக்கம் ஆபத்தானது. ஐஸ் ஜலத்தை ஊற்றினால் நடுக்கம் அதிகமாகும், அதுவும் வேண்டாம். குடிக்க ஜலமும் கஞ்சியும் தாராளமாகக் கொடுத்து, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வெயிலிலோ சூடான கிடங்கிலோ வேலை செய்தவர் பிதற்றினாலும், தள்ளாடினாலும், மயங்கி விழுந்தாலும், அவர் சுடுகிறதென்றாரா குளிர்கிறதென்றாரா என்று பார்க்கவே கூடாது. தோல் உலர்ந்திருக்கிறதா வியர்த்திருக்கிறதா என்றும் ஆராய வேண்டாம். உழைத்து விழுந்தவருக்கு வியர்வை ஒழுகிக்கொண்டே இருக்கவும் கூடும். நிழலுக்குக் கொண்டுபோய், உடைகளைத் தளர்த்தி, குளிர்ந்த ஜலத்தை உடம்பெங்கும் ஊற்றி விசிற வேண்டும். 108-க்கு டெலிபோன் செய்து, வண்டி வரும் வரையில் ஊற்றுவதை நிறுத்தாதிருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் ஜலம் ஊற்றக் கூடாது. அது மூச்சுக் குழாயில் புகுந்துவிடும்.

குளிர் விஷயத்திலும் இத்தகைய பொய் நோட்டீஸ் உண்டு. குளிருக்குச் சாராயம் நல்லதென்று சிலர் சொல்லுகிறார்கள். அது தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிடுவதால் கதகதப்பாகத் தோன்றுகிறது. உண்மையில் உள்ளிருப்பு வெளியே கரைந்துகொண்டிருக்கிறது. செலவைக் கண்டு செழிப்பென்று மயங்கும் குடும்பத்தின் கதை அது.

அதிகக் கவனம் வேண்டியவர்கள்

முதியவர்களுக்குத் தாக உணர்ச்சி மந்தமாகும், வியர்வையும் குறையும். "எனக்கு ஒன்றும் புழுங்கவில்லை, தாகமுமில்லை" என்று அவர்கள் சொல்வதை நம்பி விட்டுவிடாமல், நேரத்துக்கு ஒரு தம்ளர் மோரோ ஜலமோ கொடுக்க வேண்டும். பிறந்த குழந்தையோ, சிறிய உடம்பானதால் வெகு சீக்கிரத்தில் குளிர்ந்துபோகும். உடனே துடைத்து, தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி வைத்துப் போர்த்துவது சிறந்த முறை. எடை குறைந்து பிறந்த சிசுக்களுக்கு இதை 1978-ல் தென் அமெரிக்காவின் பொகோட்டா நகர டாக்டர்கள் கைக்கொண்டார்கள். பின்னர் அது உலகெங்கும் பரவிற்று. இனி, மற்றவர்கள் சுகமாயிருக்கையில் ஒருவருக்கு மட்டும் எப்பொழுதும் குளிருமானால், அது ரத்தச் சோகையாகவோ தைராய்டுச் சுரப்பியின் மந்தமாகவோ இருக்கலாம். எப்பொழுதும் புழுங்கி இளைத்தால் அதே சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்வதாக இருக்கலாம். "சூட்டு உடம்பு", "சீதள உடம்பு" என்று பேர் வைத்து விட்டுவிடாமல் ரத்தம் பரிசோதித்துக்கொள்வது நலம்.

நம் முன்னோர் வெயில் காலத்தில் நீராகாரமும் நீர்மோரும் அருந்தினார்கள். உடம்பு இழந்த ஜலத்தையும் உப்பையும் ஒருங்கே திருப்பித் தரும் பானங்கள் அவை. வியர்த்து வேலை செய்பவனுக்கு அவற்றைவிட ஏற்றவை சிலவே.

சங்கம் செய்யக்கூடியது

இது தனி மனிதர் விஷயமன்றோ, இதில் சங்கத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆமதாபாத்தில் 2010-ஆம் வருஷம் மே மாதத்தில் உஷ்ணம் 46.8 டிகிரி சென்டிகிரேடுக்கு ஏறியபோது, அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்ததாகக் கணக்கிட்டார்கள். அதன்பின் 2013-ல் அந்நகரத்தார் முன்னெச்சரிக்கை, குடிஜலம், நிழல், ஆஸ்பத்திரி ஏற்பாடு இவற்றை ஒரு திட்டமாக வகுத்தார்கள். தமிழ்நாட்டிலும் 2024-ல் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. வெயிலை எவராலும் தடுக்க முடியாது. ஏற்பாட்டைச் சேர்ந்து செய்ய முடியும். சேர்ந்து செய்வதற்குத்தானே சங்கம்?

ஆகையால் உங்கள் பஞ்சாயத்தார் ஆலோசிக்கும் பொருட்டு ஐந்து யோசனைகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது, சங்கக் கட்டடத்தில் காய்ச்சல் பார்க்கும் உஷ்ணமானி ஒன்று வாங்கி வைத்து, அதை உபயோகிக்க இருவராவது கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பங்குனி முதல் ஆனி வரையில் கிடங்கு வேலையைக் காலை 11 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்கு மேலும் வைத்துக்கொள்ள வேண்டும். லாரிக்கு ஒருநாள் வாடகை கூடினாலும் கூடட்டும்.

மூன்றாவது, வேலைக்குப் புதியவருக்கு முதல் வாரம் பாதிச் சுமையே கொடுக்க வேண்டும். வெயிலுக்குப் பழகி, சீக்கிரமாகவும் தாராளமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்ள உடம்புக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பிடிக்கிறது. பல மாதங்கள் ஊரிலில்லாமல் திரும்பி வந்தவரும் புதியவரே.

நான்காவது, களத்திலும் கிடங்கிலும் பானை ஜலமும், உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களும் இருக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் ஜலத்தில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் போதும். தாகமெடுக்கும் வரை காத்திராமல் கால் மணிக்கொருதரம் சிறிது அருந்த வேண்டும்.

ஐந்தாவது, வெயிலில் எவரும் தனியாக வேலை செய்யக்கூடாது. குழம்பத் தொடங்கியவனுக்குத் தான் குழம்புவது தெரியாது; பக்கத்திலிருப்பவனே கண்டுகொள்ள வேண்டும். இதைவிடச் சிறந்த கூட்டுறவு வேறென்ன இருக்கிறது?

இவற்றிற்கெல்லாம் சேர்ந்து சிறிது செலவு ஆகும். பொதுநல நிதியிலிருந்து செலவிட இதைவிடப் பொருத்தமான இனம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிடங்குக்குச் சென்ற வருஷம் மறுபடியும் இருப்புச் சரிபார்க்கப் போயிருந்தேன். அதே வாலிபர் அங்கே இருந்தார். இப்பொழுது ஆட்களுக்கு வேலை நேரம் குறிப்பதும் ஜலம் கொடுப்பதும் அவர் பொறுப்பு. மணி பதினொன்று அடித்ததும் என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "ஐயா, மிச்ச மூட்டையைச் சாயங்காலம் எண்ணிக்கலாங்க, இப்போ மோர் சாப்பிட்டு நிழலிலே உட்காருங்க" என்றார். இன்ஸ்பெக்டருக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதற்கு விதி ஒன்றும் கிடையாது. ஆயினும் நான் கீழ்ப்படிந்தேன்.